கலப்பை விற்ற குடும்பம்: கிர்லோஸ்கர் தொழிற்சாலைகள் வளர்ந்த வழி

கிர்லோஸ்கர் என்பது ஒரு குடும்பப் பெயர். கொங்கணப் பகுதியில் உள்ள கிர்லோசி என்ற சிற்றூரைப் பூர்விகமாகக் கொண்டவர்கள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. தமிழக உழவர்களுக்கு அது ஊர்ப் பெயராகவோ ஆள் பெயராகவோ அறிமுகமாகவில்லை. கிணற்று மேட்டில் புகை கக்கியபடி தடதடத்த ஆயில் இன்ஜினின் பெயராகத்தான் தெரியும். அந்த இன்ஜினுக்கு முன்னால் ஒரு பம்பு இருந்தது. பம்புக்கு முன்னால் ஒரு கரும்பு ஆலை. அதற்கும் முன்னால் ஒரு கலப்பை. எல்லாவற்றுக்கும் முன்னால் பெல்காம் நகரத்துத் தெரு ஒன்றில் ஒரு சைக்கிள் கடை.

கடையை நடத்தியவர்கள் அண்ணன் தம்பி இருவர். தம்பி லட்சுமணராவ் காசிநாத் கிர்லோஸ்கர் 1869 ஜூன் 20 அன்று பெல்காம் மாவட்டத்தில் குர்லஹொசூர் என்ற ஊரில் பிறந்தவர். படிப்பில் நாட்டமில்லை, படம் வரைவதிலும், பொறிகளைக் கழற்றிப் பூட்டுவதிலும்தான் ஆசை. பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். சில நிறங்களைப் பிரித்துப் பார்க்க அவர் கண்ணுக்கு முடியாது என்பது அங்கே தெரியவந்தது. வண்ணம் தீட்ட வழியில்லை என்றானதும் எந்திரப் படம் வரையக் கற்றுக்கொண்டார். அதற்குக் கறுப்புக் கோடு போதும். அந்தப் பயிற்சியைக் கொண்டு பம்பாயின் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் எந்திர வரைபட உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தை அங்கிருந்த பட்டறையில் கழித்தார். பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது அந்தப் பட்டறைப் பழக்கம்தான்.

சைக்கிள் அப்போது பம்பாயிலேயே வேடிக்கைப் பொருள். லட்சுமணராவ் பம்பாயில் சைக்கிள் வாங்கிப் பெல்காமுக்கு அனுப்புவார். அண்ணன் ராமு அண்ணா அங்கே விற்பார். மராத்தியிலும் அண்ணாவுக்கு அண்ணன் என்றுதான் பொருள். வாங்கியவருக்கு ஓட்டத் தெரியாதே? அதைச் சொல்லிக்கொடுக்கத் தனிக் கட்டணம், 15 ரூபாய். கிர்லோஸ்கர் சகோதரர்கள் என்ற பெயரில் தொழில் தொடங்கிய ஆண்டாக 1888-ஐக் குறிப்பிடுகிறார்கள். கடை இருந்த தெரு, பெல்காம் பெலகாவி என்று பெயர் மாறிய பிறகும், கிர்லோஸ்கர் சாலைதான். பம்பாய் வேலையில் லட்சுமணராவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஓர் ஆங்கிலோ இந்தியருக்குப் போனது. அவர் வேலையை உதறிவிட்டுப் பெல்காமுக்குத் திரும்பினார். இது அரசியல் காரணத்தால் வந்த விலகல் அல்ல; ஆனால் நிறம் பார்த்துப் பதவி தந்த ஓர் அரசு, தன்னை அறியாமலே ஒரு தொழிலதிபரை உண்டாக்கிவிட்டது.

ஊர் திரும்பியவர் சைக்கிளோடு நிற்கவில்லை. சிறு பட்டறை ஒன்றைப் போட்டு முதலில் தட்டை வெட்டும் கருவி செய்தார். மாட்டுக்குப் போடும் சோளத்தட்டையைத் துண்டுதுண்டாக வெட்டிக் கொடுக்கும் சாதனம் அது. தட்டையை முழுதாகப் போட்டால் மாடு பாதியைத் தின்று பாதியை மிதித்து வீணாக்கும். வெட்டிப் போட்டால் தீவனம் மிச்சம். இந்தக் கணக்கு எந்த உழவருக்கும் உடனே புரியும். அடுத்து வந்த இரும்புக் கலப்பையின் கணக்கு அவ்வளவு சுலபமாகப் புரியவில்லை.

மரக்கலப்பை மண்ணைக் கீறும்; புரட்டாது. கொழு போகும் தடத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு சால் விழும், இரண்டு சாலுக்கு நடுவே உழாத மண் கொஞ்சம் நிற்கும். அதனால்தான் நெடுக்கிலும் குறுக்கிலுமாகப் பலமுறை உழவேண்டியிருக்கிறது. வார்ப்பிரும்பில் செய்த கலப்பையில் கொழுவுக்குப் பின்னால் வளைந்த இரும்புப் பலகை ஒன்று இருக்கும். கொழு அறுத்தெடுக்கும் மண்பாளத்தை அந்தப் பலகை தூக்கிக் கவிழ்த்துப் போடும். மேலே இருந்த களை அடியில் புதையும். அடியில் கிடந்த வேர் வெயிலில் காயும். தக்காணத்துக் கரிசலில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. அங்கே உழவரின் முதல் எதிரி அறுகு. ஆழத்தில் முடிச்சு முடிச்சாக ஓடிக் கிடக்கும் அதன் கிழங்கு வேரை மரக்கலப்பை தொடவே தொடாது.

இருந்தும் கலப்பை விற்கவில்லை. இரும்பு பட்டால் நிலம் விஷமாகிவிடும் என்று உழவர்கள் நம்பினார்கள். முதல் கலப்பை விற்பதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. இந்தக் கதையைச் சொல்கிற பலரும் உழவர்களின் மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது முழு உண்மையாக இருக்க முடியாது. மரக்கலப்பையை ஊர்த் தச்சரே செய்து தருவார், அறுவடையில் தானியம் அளந்து கூலி கொடுத்தால் போதும். உடைந்தால் அன்றைக்கே சரியாகும். இரும்புக் கலப்பைக்குக் கையில் காசு வேண்டும். இழுக்க நல்ல மாடுகள் வேண்டும், சில சமயம் ஒரு ஜோடி போதாது. கொழு தேய்ந்தாலோ முறிந்தாலோ ஊரில் யாராலும் சரிசெய்ய முடியாது. பருவம் தப்பினால் வருடமே போச்சு என்று வாழ்கிறவர் தயங்கியதில் வியப்பில்லை. கிர்லோஸ்கர் கலப்பை கடைசியில் நிலைத்ததற்கும் இதே இடத்தில்தான் காரணம் இருக்கிறது. வெளிநாட்டுக் கலப்பை கடல் தாண்டி வரவேண்டும். இந்தக் கலப்பைக்கு மாற்றுக் கொழு பக்கத்திலேயே வார்க்கப்பட்டது.

தொழில் கால் ஊன்றத் தொடங்கிய வேளையில் பெல்காம் நகராட்சி புதிய குடியிருப்பு விரிவாக்கத்துக்காகப் பட்டறை இருந்த இடத்தைக் கேட்டது. பட்டறையைப் பெயர்த்துக்கொண்டு எங்கே போவது? உதவிக்கு வந்தவர் ஔந்த் என்ற சிறு சமஸ்தானத்தின் அரசர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி. அவரும் ஓவியர். பின்னாளில் காந்தியின் ஆலோசனையோடு தன் அதிகாரத்தை மக்களிடமே ஒப்படைத்த அபூர்வமான சுதேச மன்னர். கடனும் கொடுத்து, குண்டல் ரோடு என்ற ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 32 ஏக்கர் நிலமும் கொடுத்தார். கற்பாறையும் கள்ளியும் நாகப்பாம்பும் நிறைந்த பொட்டல். தண்ணீர் இல்லை. ஒரே ஒரு நன்மை, ரயில் நின்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மதராஸ் அண்டு சதர்ன் மராத்தா ரயில்வேயின் பாதை அது. கச்சா இரும்பும் கரியும் வந்து இறங்கவும், கலப்பைகள் ஏறிப் போகவும் அது போதுமானதாக இருந்தது.

1910-இல் 25 தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் அந்தப் பொட்டலில் வந்து இறங்கினார்கள். கிர்லோஸ்கர்வாடி என்று பெயர் வந்தது. ஜாம்ஷெட்பூருக்கு அடுத்தபடியாக இந்தியாவில் உருவான இரண்டாவது தொழில் நகரியம் என்று அதைச் சொல்வார்கள். ஜாம்ஷெட்பூரோடு அளவில் ஒப்பிடவே முடியாது. ஒன்று எஃகு நகரம், மற்றது ஒரு பவுண்டரியைச் சுற்றி எழுந்த குடியிருப்பு. ஆனால் இங்கே நடந்த சில காரியங்கள் அந்தக் காலத்துக்குப் பெரியவை. தீண்டாமைக்கு இடமில்லை என்பது குடியிருப்பின் விதி. கொள்ளை வழக்கில் தண்டனை அனுபவித்து வெளியே வந்த இருவரை லட்சுமணராவ் காவல் வேலைக்கு வைத்துக்கொண்டார். குடியிருப்பு நிர்வாகம் ராமு அண்ணா கையில். எந்திர வேலை சம்புராவ் ஜாம்பேகர் என்பவர் கையில். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அனந்தராவ் பால்ணிகர் புதிய கருவிகளை வடிவமைக்கும் பொறியாளரானார். பட்டப்படிப்பு முடித்தவர்கள் இந்தப் பொட்டலுக்கு வரமாட்டார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். எப்படியானாலும், இருக்கிறவர்களைக் கொண்டு வேலை செய்வது அங்கே வழக்கமாயிற்று.

அவர்கள் செய்த வேலை வார்ப்பு. குப்போலா என்ற செங்குத்தான உலையில் கச்சா இரும்பும் கல்கரியும் சுண்ணாம்புக் கல்லும் அடுக்கடுக்காகப் போட்டுக் கீழிருந்து காற்று ஊதினால் இரும்பு உருகி அடியில் சேரும். கலப்பையின் ஒவ்வொரு உறுப்புக்கும் முதலில் மரத்தில் ஒரு மாதிரி செய்துகொள்வார்கள். அதை ஈரப்பதமான மணலில் அழுத்தி எடுத்தால் குழியான அச்சு கிடைக்கும். உருகிய இரும்பை அதில் ஊற்றி, ஆறிய பிறகு மணலைத் தட்டினால் உறுப்பு தயார். மரமாதிரி ஒன்று இருந்தால் ஆயிரம் கொழு வார்க்கலாம், எல்லாம் ஒரே அளவில். எந்தக் கலப்பையின் கொழுவும் எந்தக் கலப்பைக்கும் பொருந்தும். கிராமத்துக் கொல்லுப் பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அதே உலை, அதே மணல், அதே தச்சர்களைக் கொண்டு மாதிரியை மட்டும் மாற்றினால் வேறு பொருள் செய்யலாம். மாடு சுற்றி இழுக்கும் கரும்பு ஆலை, நிலக்கடலை உடைக்கும் கருவி எல்லாம் இப்படித்தான் வந்தன. புதிதாக எதைச் செய்தாலும் வாங்குகிறவர் பழைய ஆள்தான், அதே உழவர்.

முதல் உலகப் போர் இந்தத் தொழிலுக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்தது. இறக்குமதிக் கலப்பைகள் நின்றுபோனதால் கேட்பு பெருகியது. இரும்பும் கரியும் போருக்குப் போய்விட்டதால் வார்க்கச் சரக்கு இல்லை. அப்போது கோலாப்பூர் அரசர் சாகு மகராஜ் தன்னிடம் இருந்த பழைய பீரங்கிகளை உருக்கிக்கொள்ளக் கொடுத்தார். மராத்தியர் கோட்டையைக் காத்த இரும்பு கலப்பையாகி வயலுக்குப் போனது.

போர் முடிந்து 1920-இல் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் லிமிடெட் என்ற பங்கு நிறுவனமாகப் பதிவானது. வெளியார் பணம் உள்ளே வந்தது, நிர்வாகம் குடும்பத்திடமே இருந்தது. அக்கால இந்தியாவில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு: நிர்வாக முகவர் முறை. கம்பெனியை நடத்தும் பொறுப்பு, நீண்ட கால ஒப்பந்தத்தின்படி, இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படும். அந்த இன்னொரு நிறுவனம் குடும்பத்துக்குச் சொந்தம். லாபத்தில் ஒரு பங்கு அதற்குக் கூலி. பங்குகளில் சிறு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு குடும்பம் பல கம்பெனிகளை ஆள இது வழி செய்தது. பிரிட்டிஷ் வணிக நிறுவனங்கள் கொண்டுவந்த முறையை டாடா, பிர்லா தொடங்கி இந்தியக் குடும்பங்கள் எல்லாமே எடுத்துக்கொண்டன. 1970-இல் சட்டம் அதை ஒழிக்கும் வரை இந்தியக் குடும்பத் தொழில் வளர்ந்தது இந்தக் கொழுகொம்பைப் பிடித்துத்தான்.

அதே 1920-இல் கிர்லோஸ்கர்வாடியிலிருந்து ஒரு பத்திரிகையும் வெளிவந்தது. லட்சுமணராவின் சகோதரர் மகன் சங்கரராவ் அதன் ஆசிரியர். கருவிகளைப் பற்றியும் கம்பெனிச் செய்திகளைப் பற்றியும் சொல்லத் தொடங்கிய ‘கிர்லோஸ்கர் கபர்’ வெகு விரைவில் மராத்தி இலக்கிய, சமூகப் பத்திரிகையாக வளர்ந்தது. பிறகு பெயர் ‘கிர்லோஸ்கர்’ என்று சுருங்கியது. 1930-இல் பெண்களுக்கு ‘ஸ்த்ரீ’, 1934-இல் ‘மனோகர்’. மகாராஷ்டிரத்து நடுத்தரக் குடும்பங்களில் பலருக்குக் கிர்லோஸ்கர் என்றால் பத்திரிகைதான் முதலில் நினைவுக்கு வரும். விளம்பரத்துக்காகத் தொடங்கியது விளம்பரத்தைத் தாண்டிப் போனதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தியத் தொழில் வரலாற்றில் அதிகம் இல்லை.

லட்சுமணராவின் மூத்த மகன் சாந்தனுராவ் 1903-இல் பிறந்தவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எந்திரப் பொறியியல் படித்து 1926-இல் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். அதே காலத்தில் கம்பெனி பம்பு செய்யத் தொடங்கியிருந்தது. தக்காணத்தில் கிணற்றிலிருந்து நீர் இறைக்க மாடு, வடம், தோல் சால். தமிழகத்துக் கவலையேற்றம் போன்றதே. கரும்பு பயிரிட்டால் நீர் அதிகம் வேண்டும்; கரும்பு ஆலை விற்ற கம்பெனிக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே கலப்பையிலிருந்து பம்புக்குப் போனது பெரிய தாவல் அல்ல, அடுத்த வயலுக்கு வரப்பு தாண்டியது போலத்தான்.

பம்பின் உள்ளமைப்பு எளிது. வளைந்த இறகுகள் கொண்ட சக்கரம் ஒன்று ஓட்டுக்குள் வேகமாகச் சுழலும். நடுவில் வரும் தண்ணீரை விளிம்பை நோக்கி வீசும். வீசிய தண்ணீர் ஓட்டின் சுருள் வழியாக அழுத்தத்தோடு குழாயில் ஏறும். சக்கரமும் வார்ப்பு, ஓடும் வார்ப்பு. பவுண்டரி வைத்திருந்தவர்களுக்கு வாகான பொருள். ஆனால் கலப்பைக்கு இல்லாத ஒரு கண்டிப்பு இதற்கு உண்டு. சக்கரத்துக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மயிரிழை அளவில் சரியாக இல்லாவிட்டால் தண்ணீர் வந்த வழியே திரும்பும். வார்த்ததைக் கடைசல் எந்திரத்தில் ஏற்றித் துல்லியமாகச் சீவ வேண்டும். பம்பு செய்யத் தொடங்கியதும் கம்பெனிக்கு நல்ல லேத்துகள் தேவைப்பட்டன. லேத்து செய்யும் தொழிலில் குடும்பம் இறங்கியதற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம்.

1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை விழுந்தது. உழவர் கையில் பணம் இல்லை என்றால் கலப்பைக் கம்பெனிக்கும் இல்லை. அந்த நாட்களில் இரும்பு நாற்காலி, மேசை செய்து காலம் தள்ளினார்கள். உழவரை மட்டும் நம்பினால் ஆபத்து என்ற பாடத்தைக் கம்பெனி அப்போதுதான் கற்றது. 1941-இல் மைசூர் சமஸ்தானத்தில் துங்கபத்திரைக் கரையில் உள்ள ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் தொடங்கப்பட்டது. தொழில்: லேத்து முதலான எந்திரக் கருவிகள். போர்க்காலத்தில் இவற்றுக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. 1946-இல் ஒரே ஆண்டில் இரண்டு கம்பெனிகள்: மின் மோட்டாருக்குப் பெங்களூரில் கிர்லோஸ்கர் எலெக்ட்ரிக், டீசல் இன்ஜினுக்குப் புனேக்குப் பக்கத்தில் கட்கியில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ். இரண்டிலும் பிரிட்டிஷ் நிறுவனங்களின் தொழில்நுட்ப உதவி இருந்தது. குடும்பத்துப் பிள்ளைகள் ஊருக்கு ஒருவராகப் போய்ப் பொறுப்பேற்றார்கள். ஒரு தலைமுறையில் ஆண் பிள்ளைகள் பலர் இருந்தது விரிவாக்கத்துக்கு எவ்வளவு கைகொடுத்தது என்பதைத் தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் போதுமான அளவு கவனிப்பதில்லை. நம்பகமான நிர்வாகி வெளியில் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது.

1948 ஜனவரி 30-இல் காந்தி கொல்லப்பட்டார். கொன்றவர் மராத்தியப் பிராமணர் என்பதால் மேற்கு மகாராஷ்டிரத்தில் பிராமணர்களின் வீடுகளும் தொழில்களும் தாக்கப்பட்டன. பிராமணக் குடும்பத்துக்குச் சொந்தமான கிர்லோஸ்கர்வாடித் தொழிற்சாலைக்கும் கும்பல் தீ வைத்தது. எரிந்தவற்றில் மரமாதிரிகளும் அடக்கம் என்றால் ஒரு வார்ப்புத் தொழிற்சாலைக்கு என்ன இழப்பு என்பதை மேலே சொன்னதிலிருந்து ஊகிக்கலாம். லட்சுமணராவுக்கு அப்போது வயது 78. அந்த இடத்திலேயே மறுபடியும் கட்டினார்கள். அவர் 1956 செப்டம்பர் 26 அன்று காலமானார். பிறந்த நூற்றாண்டின்போது, 1969-இல், இந்திய அஞ்சல் துறை அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.

சுதந்திர இந்தியாவில் இந்தக் குடும்பத்தின் பெயரைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோனது டீசல் இன்ஜின். சுதந்திரத்தின்போது நாட்டில் மின்சாரம் எட்டிய கிராமங்கள் சுமார் 1,500 மட்டுமே. கம்பி வராத ஊரில் பம்பு ஓட இன்ஜின்தான் வழி. டீசல் இன்ஜினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை மட்டும் இழுத்து, அதன் கொள்ளளவு பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும்படி பிஸ்டன் அழுத்தும். சைக்கிள் பம்பு சூடாவதைப் போல அந்தக் காற்று பல நூறு டிகிரிக்குச் சூடேறும். அந்த நேரத்தில் டீசலைத் தூவலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பழுதாக உறுப்புகள் குறைவு. கிராமத்து மெக்கானிக் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். கடினமான பகுதி ஒன்றே ஒன்று, எண்ணெய் பீய்ச்சும் பம்பும் அதன் முனையும். 5 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் இன்ஜின் ஒன்று, சிறு பாசனத்துக்குப் போதும்.

இன்ஜினோ மோட்டாரோ, பம்பைக் கிணற்றின் மேல் வைத்தால் எல்லா இடத்திலும் வேலை நடக்காது. உறிஞ்சுவது என்பது உண்மையில் காற்று மண்டலத்தின் அழுத்தம் தண்ணீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுவதுதான். அந்த அழுத்தம் தாங்கக்கூடிய நீர் உயரம் கணக்குப்படி சுமார் 10 மீட்டர், நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்கு மேல் வராது. அதனால்தான் தமிழகத்து ஆழக்கிணறுகளில் உட்புறம் மேடை கட்டிப் பம்பைக் கீழே இறக்கி வைத்தார்கள். நீர் இறங்க இறங்க மேடையும் இறங்கியது. தமிழகத்தில் கதை கொஞ்சம் வேறு மாதிரியும் நடந்தது. 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர் நீர்மின் நிலையங்கள் வந்துவிட்டதால் இங்கே மின் மோட்டார் சீக்கிரமே கிணற்றடிக்கு வந்தது. கோயம்புத்தூர் பட்டறைகள் தங்கள் பெயரிலேயே மோட்டாரும் பம்பும் செய்து விற்றன. கிர்லோஸ்கருக்கு இந்தச் சந்தையில் எதிராளி வெளிநாட்டவர் அல்ல, கோவைக்காரர்கள்தான்.

1950-களிலிருந்து உற்பத்தியைக் கூட்டுவதற்கும் அரசிடம் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. எத்தனை இன்ஜின் செய்யலாம் என்பதை டெல்லி தீர்மானித்தது. சாந்தனுராவ் இந்தக் கட்டுப்பாடுகளை வெளிப்படையாக எதிர்த்துப் பேசியவர். 1965-இல் இந்திய வணிகத் தொழிற் கூட்டமைப்பின் தலைவரானார். அதே ஆண்டு பத்மபூஷண் விருதும் வந்தது. அரசைக் குறை சொன்னவருக்கு அரசே விருது தந்தது அந்தக் காலத்து இந்தியாவின் இன்னொரு முகம். தன் வரலாற்றை அவர் ‘கேக்டஸ் அண்டு ரோசஸ்’ என்ற பெயரில் எழுதினார். தலைப்பில் வரும் கள்ளி, கிர்லோஸ்கர்வாடிப் பொட்டலில் இருந்த கள்ளியை நினைவூட்டுகிறது.

உரிமக் காலத்தில் குடும்பங்கள் பொதுவாகக் கண்டுபிடித்த வழி, ஒன்றையே அதிகமாகச் செய்ய முடியாவிட்டால் பக்கத்துப் பொருளுக்குப் புதிதாக உரிமம் வாங்குவது. கிர்லோஸ்கர் குழுமமும் அப்படித்தான் அகலமாக வளர்ந்தது. 1958-இல் காற்றழுத்த எந்திரங்களுக்குக் கிர்லோஸ்கர் நியூமாட்டிக். 1962-இல் லாரிகளுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் வேண்டிய பெரிய டீசல் இன்ஜின்கள் செய்ய, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கம்மின்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புனேயில் கிர்லோஸ்கர் கம்மின்ஸ். அந்தக் கூட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1990-களின் இறுதியில் கிர்லோஸ்கர் விலகிக்கொண்டு கம்பெனி கம்மின்ஸ் இந்தியா ஆயிற்று. இந்தக் கிளைகளில் எல்லாம் ஓர் ஒழுங்கைப் பார்க்கலாம். துணி ஆலை, சோப்பு, சிமெண்டு என்று தொடர்பில்லாத தொழில்களில் பெரிதாக இறங்கவில்லை. சுழல்வது, அழுத்துவது, நீர் இறைப்பது, இவற்றை விட்டு வெகுதூரம் போகவில்லை. இது பலமா பலவீனமா என்று வாதிடலாம். இதே காலத்தில் பலசரக்குக் கடை போலப் பரந்த குழுமங்கள் சில இவர்களைவிடப் பெரிதாயின.

1991-க்குப் பிறகு உரிமம் போயிற்று, காப்பு வரியும் குறைந்தது. கணினி இயக்கும் கடைசல் எந்திரங்கள் வெளிநாட்டிலிருந்து தாராளமாக வந்தன. சாதாரண லேத்தை நம்பியிருந்த ஹரிஹர் ஆலை தாக்குப்பிடிக்கவில்லை. 2000-களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. ஒரு காலத்தில் இந்தியப் பட்டறைகளில் கிர்லோஸ்கர் லேத்து என்றால் தனி மரியாதை. இன்றும் பழைய பட்டறைகளில் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன, செய்தவர்கள் இல்லை. பம்புக் கம்பெனியோ எதிர்த்திசையில் போனது. குஜராத்தில் நர்மதை நீரை சௌராஷ்டிரத்துக்கு ஏற்றும் மாபெரும் பம்பு நிலையங்களைக் கட்டியது. 2003-இல் இங்கிலாந்தின் எஸ்.பி.பி. பம்ப்ஸ் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. பெங்களூர்ப் பக்கத்தில் குடும்பத்தின் இன்னொரு கிளை ஜப்பானின் டொயோட்டாவோடு கைகோத்தது. 1997-இல் டொயோட்டா கிர்லோஸ்கர் மோட்டார் பதிவாகி, 1999 இறுதியில் பிடதி ஆலையிலிருந்து முதல் குவாலிஸ் வண்டிகள் வந்தன. அதில் கிர்லோஸ்கர் பங்கு சிறியது. மூலதனமும் தொழில்நுட்பமும் டொயோட்டாவுடையவை. கலப்பை விற்ற பெயர் கார்க் கம்பெனியின் பெயரிலும் சேர்ந்துகொண்டது.

சாந்தனுராவ் 1994-இல் மறைந்தார். அவர் மகன் சந்திரகாந்த் அவருக்கு முன்பே, 1985-இல், காலமாகிவிட்டார். அடுத்த தலைமுறையில் பம்பு ஒரு பேரனிடம், இன்ஜினும் காற்றழுத்த எந்திரமும் வேறு பேரன்களிடம் என்று பிரிந்தன. 2009-இல் குடும்பத்துக்குள் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். ஒருவர் தொழிலில் மற்றவர் போட்டியிடக் கூடாது என்று அது சொல்கிறதா, சொன்னால் தனித்தனிப் பங்கு நிறுவனங்களை அது கட்டுப்படுத்துமா என்பதில் தகராறு வந்து நீதிமன்றத்துக்குப் போனது. இன்ஜினும் பம்பும் வெவ்வேறு அண்ணன் தம்பி கையில் இருக்கும்போது, இரண்டையும் சேர்த்து விற்கிற சந்தையில் உரசல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2021-இல் உச்ச நீதிமன்றம் சமரசப் பேச்சுக்கு முயலும்படி அவர்களுக்கு யோசனை சொன்னது. குடும்பத்தில் ஆட்கள் நிறைய இருந்தது 1946-இல் ஊருக்கு ஒரு கம்பெனி தொடங்க உதவியது. அதே காரணம் எழுபது ஆண்டு கழித்து வக்கீல்களுக்கு வேலை கொடுத்தது.

குண்டல் ரோடு என்றிருந்த ரயில் நிலையம் புனே – மிரஜ் பாதையில் இப்போது கிர்லோஸ்கர்வாடி என்ற பெயரோடு இருக்கிறது. பக்கத்து ஆலையில் பம்புகள் வார்க்கப்படுகின்றன.